டைட்டானிக் கேப்டன் ஸ்மித்: கப்பல் மோதினால் தவறு யாருடையது, பணம் கட்டுவது யார்?

டைட்டானிக் படம் பார்த்த எல்லோருக்கும் அந்த வெள்ளைத் தாடிக்காரரைத் தெரியும். கப்பல் மூழ்கும்போது தனியாக உள்ளே போய், சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான் கேப்டன் எட்வர்ட் ஜான் ஸ்மித். நிஜத்தில் அவருடைய கடைசி நிமிடங்கள் எப்படி இருந்தன என்பதில் உயிர் பிழைத்தவர்களின் சாட்சியங்கள் ஒத்துப்போகவில்லை. அவர் உடலும் கிடைக்கவில்லை.

ஆனால், 1912-ல் இறந்த அந்த மனிதரின் கதை 1916 வரை லண்டன், நியூயார்க் நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அலட்சியமாக இருந்தாரா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில்தான் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பணம் கிடைக்குமா என்பதே தொங்கிக்கொண்டிருந்தது.

சாலையில் இரண்டு கார்கள் மோதினால், யார் தவறு செய்தார்களோ அவர்கள் தரப்பு பணம் கட்டும். கடலில் கணக்கு அவ்வளவு நேராக இருக்காது. தவறு யாருடையது என்பது ஒரு கேள்வி. பணம் யார் கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்பது வேறு கேள்வி. ஸ்மித்தின் வாழ்க்கையைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும்.

மட்பாண்ட ஊரிலிருந்து கடலுக்கு

ஸ்மித் பிறந்தது 1850 ஜனவரி 27-ல், இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் உள்ள ஹான்லியில். கடற்கரையே இல்லாத ஊர். பீங்கான், மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர் போனது. அப்பாவுக்கும் அந்தத் தொழில்தான். பின்னாளில் பெற்றோர் மளிகைக் கடை நடத்தினார்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதோடு படிப்பு நின்றது. இரும்புப் பட்டறையில் நீராவிச் சுத்தியலை இயக்கும் வேலைக்குப் போனார். அவருடைய தாய்க்கு முதல் திருமணத்தில் பிறந்த ஜோசப் ஹான்காக் கப்பல் கேப்டனாக இருந்தார். அண்ணன் வழியில் தம்பியும் லிவர்பூலுக்குக் கிளம்பினார். அண்ணன் ஓட்டிய செனட்டர் வெபர் என்ற பாய்மரக் கப்பலில், பதின்பருவத்திலேயே பயிற்சியாளராகச் சேர்ந்தார்.

1880-ல் ஒயிட் ஸ்டார் லைன் நிறுவனத்தில் நான்காம் நிலை அதிகாரியாக நுழைந்தார். அதன்பிறகு வேறு நிறுவனம் பக்கம் போகவே இல்லை. 1887-ல் சாரா எலினார் பென்னிங்டனுடன் திருமணம். அதே ஆண்டு முதல் முறையாக ஒரு கப்பலுக்குக் கேப்டன் பொறுப்பு. 1898-ல் மகள் ஹெலன் பிறந்தாள்.

கோடீஸ்வரர்களின் கேப்டன்

1895-ல் மெஜஸ்டிக் கப்பலின் கேப்டனாகி, சுமார் ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்தார். போயர் போரின்போது அதே கப்பலில் தென்னாப்பிரிக்காவுக்கு ராணுவ வீரர்களைக் கொண்டுபோனார். அதன்பிறகு நிறுவனம் புதிதாகப் பெரிய கப்பல் கட்டினால், முதல் பயணத்துக்கு ஸ்மித்தை அழைப்பது வழக்கமாகிவிட்டது. 1904-ல் பால்டிக், 1907-ல் ஏட்ரியாட்டிக், 1911-ல் ஒலிம்பிக். எல்லாமே அந்தந்தக் காலத்தின் பிரம்மாண்டங்கள்.

மென்மையான குரல், நிதானம், உபசரிப்பு. ஸ்மித் ஓட்டும் கப்பலா என்று கேட்டு டிக்கெட் எடுக்கும் பணக்காரப் பயணிகள் இருந்தார்கள். கோடீஸ்வரர்களின் கேப்டன் என்ற பட்டப்பெயரும் வந்தது. 1907-ல் நியூயார்க் பத்திரிகையாளர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டபோது, சொல்லிக்கொள்ளும்படியான விபத்து எதையும் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்ற பொருளில் பேசினார். நவீனக் கப்பல் ஒன்று மூழ்கும் சூழலைத் தன்னால் கற்பனை செய்ய முடியவில்லை என்றும் சொன்னார். 1912-க்குப் பிறகு இந்தப் பேட்டி அவரை விடாமல் துரத்தியது.

ஆனால், அன்றைக்கு அப்படி நினைத்தது அவர் மட்டும் இல்லை. 1909 ஜனவரியில் ஒயிட் ஸ்டாரின் ரிபப்ளிக் கப்பலும், இத்தாலியின் ஃப்ளோரிடா கப்பலும் அமெரிக்கக் கரைக்கு அருகே மூடுபனியில் மோதின. மோதலில் ஆறு பேர் இறந்தார்கள். வயர்லெஸ் செய்தி கேட்டு பால்டிக் உதவிக்கு வந்தது. இரண்டு கப்பல்களிலும் இருந்த 1,500-க்கும் மேற்பட்டோர் படகுகள் மூலம் அதற்கு மாற்றப்பட்டார்கள். ரிபப்ளிக் மறுநாள்தான் மூழ்கியது. மோதினாலும் கப்பல் பல மணி நேரம் மிதக்கும், அதற்குள் உதவி வந்துவிடும் என்ற நம்பிக்கை இதனால் இன்னும் கெட்டியானது.

இழுவைப் படகு கொடுத்த முதல் எச்சரிக்கை

1911 ஜூன் 14-ல் ஒலிம்பிக் முதல் பயணம் கிளம்பியது. சுமார் 45,000 டன். இவ்வளவு பெரிய கப்பல் அதுவரை கடலில் ஓடியதில்லை. ஒரு வாரம் கழித்து நியூயார்க் துறைமுகத்தில் கரை சேரும்போது, அதைத் தள்ளிக்கொண்டுவந்த இழுவைப் படகுகளில் ஒன்று ஒலிம்பிக்கின் புரொப்பெல்லர் கிளப்பிய நீரோட்டத்தில் சிக்கிச் சுழன்றது. கப்பலின் பின்பக்கத்தில் மோதி, கொஞ்ச நேரம் அடியில் மாட்டிக்கொண்டது.

படகின் உரிமையாளர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். ஒயிட் ஸ்டார் பதில் வழக்குப் போட்டது. இரண்டுமே போதிய ஆதாரம் இல்லாமல் விழுந்துவிட்டன. சின்ன விஷயம்தான். ஆனால், இந்த அளவுள்ள கப்பல் பக்கத்தில் இருக்கும் தண்ணீரையே நகர்த்துகிறது, அருகில் வரும் கப்பலை இழுக்கிறது என்ற பாடம் அதில் இருந்தது.

ஹாக்: நீதிமன்றம் வரை போன மோதல்

மூன்று மாதம் கழித்து அந்தப் பாடம் பெரிய செலவோடு திரும்பி வந்தது. 1911 செப்டம்பர் 20. சவுத்தாம்டனில் இருந்து ஒலிம்பிக் கிளம்பியிருந்தது. வைட் தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் நடுவில் உள்ள சோலென்ட் நீர்வழியில், பிரிட்டிஷ் கடற்படையின் ஹாக் என்ற போர்க்கப்பல் ஏறக்குறைய அதே திசையில் பக்கத்தில் வந்தது. திடீரென ஹாக் திரும்பி, ஒலிம்பிக்கின் வலது பக்கப் பின்பகுதியில் மோதியது. எதிரிக் கப்பலை முட்டி உடைப்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட முன்பகுதி அது. ஒலிம்பிக்கின் இரண்டு அறைகளில் தண்ணீர் புகுந்தது. புரொப்பெல்லர் தண்டு வளைந்தது. ஹாக்கின் முன்பகுதி நொறுங்கியது. யாரும் சாகவில்லை.

ஒலிம்பிக் தன் சொந்த இயந்திர பலத்திலேயே சவுத்தாம்டன் திரும்பியது. பிறகு பெல்ஃபாஸ்ட்டில் வாரக்கணக்கில் பழுதுபார்ப்பு. அங்கேதான் டைட்டானிக்கும் கட்டப்பட்டு வந்தது. ஆட்களையும் உதிரிபாகங்களையும் ஒலிம்பிக்குக்குத் திருப்பிவிட்டதில் டைட்டானிக்கின் வேலை தாமதமானது. 1912 மார்ச் 20-ல் நடக்க இருந்த அதன் முதல் பயணம் ஏப்ரல் 10-க்குத் தள்ளிப்போனது.

சரி, தவறு யாருடையது? பின்னால் இருந்து முந்தி வந்த கப்பல் ஹாக்தான், அதுதான் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றது ஒயிட் ஸ்டார். ஒலிம்பிக் மிக நெருங்கி வந்து, தன் பிரம்மாண்ட உடலால் தண்ணீரை இழுத்து ஹாக்கையும் உள்ளே இழுத்துவிட்டது என்றது கடற்படை. சிறிய மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் மிதக்கவிட்டு ஆய்வு செய்திருந்த அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் டேவிட் டெய்லர், இந்த இழுவிசை உண்மைதான் என்று நிபுணர் சாட்சியம் அளித்தார். ஸ்மித்தும் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

1911 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒலிம்பிக் மேல்தான் தவறு என்றார் நீதிபதி. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. 1914 நவம்பரில் பிரபுக்கள் சபையும் அதையே உறுதி செய்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஹாக் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி, 500-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியிருந்தது.

கட்டாய பைலட் என்ற கவசம்

தவறு ஒலிம்பிக் மேல் என்றால், ஹாக்கின் சேதத்துக்கு ஒயிட் ஸ்டார்தானே பணம் கட்டியிருக்க வேண்டும்? இல்லை. ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பானது.

காரணம், பைலட். துறைமுகத்தையும் அதை ஒட்டிய குறுகிய நீர்வழியையும் நன்றாக அறிந்த உள்ளூர் வழிகாட்டிக்குத்தான் கப்பல் உலகில் பைலட் என்று பெயர். அந்தப் பகுதியில் பைலட்டை ஏற்றிக்கொள்வது சட்டப்படி கட்டாயம். அன்று ஒலிம்பிக்கை வழிநடத்தியவர் ஜார்ஜ் போயர். அருகிலேயே ஸ்மித் நின்றாலும், வழி சொல்லும் பொறுப்பு போயருடையது.

அன்றைய பிரிட்டிஷ் சட்டத்தின் வாதம் இப்படி: முதலாளி தானே தேர்ந்தெடுக்காத, சட்டம் கட்டாயப்படுத்தி ஏற்றிய ஒருவர் செய்த தவறுக்கு முதலாளி எப்படிப் பொறுப்பாவார்? ஆக, தவறு பைலட்டுடையது என்று முடிவானதுமே நிறுவனம் தப்பித்தது. பைலட் தனி மனிதர். போர்க்கப்பலைப் பழுதுபார்க்கும் அளவுக்கு அவரிடம் பணம் எங்கே இருக்கும்?

ஆனால், ஒயிட் ஸ்டாருக்கு முழு வெற்றியும் இல்லை. தவறு தன் கப்பல் மேல் என்பதால், ஒலிம்பிக்கின் பழுதுச் செலவையும், ஓடாமல் கிடந்த வாரங்களின் வருமான இழப்பையும் கடற்படையிடம் கேட்க முடியவில்லை. அவரவர் நஷ்டம் அவரவருக்கு. 

இந்தக் கவசம் நீதியற்றது என்ற குரல் ஏற்கெனவே இருந்தது. 1913-ல் பிரிட்டன் கொண்டுவந்த பைலட் சட்டம் அதை ஒழித்தது. 1918 ஜனவரி 1 முதல், கட்டாய பைலட் தவறு செய்தாலும் கப்பல் உரிமையாளர்தான் பொறுப்பு.

பாதிப் பாதி போய், பங்கு வந்தது

ஹாக் வழக்கின் தீர்ப்பு வந்த அதே டிசம்பர் மாதத்தில் பிரிட்டனில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை இரண்டு கப்பல்கள் மேலும் தவறு இருந்தால், மொத்த நஷ்டத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு கப்பலின் தவறு 90 சதவீதம், இன்னொன்றுடையது 10 சதவீதம் என்றாலும் அதே பாதிதான்.

1910-ல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தம் இதை மாற்றியது. தவறு எவ்வளவோ, அவ்வளவு பங்கு. பிரிட்டன் 1911 டிசம்பரில் இதைச் சட்டமாக்கியது. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. பாதிப் பாதி கணக்கை அங்கே உச்ச நீதிமன்றம் கைவிட்டது 1975-ல்தான்.

நான்கு அடி இடைவெளி

1912 ஏப்ரல் 10. சவுத்தாம்டனில் இருந்து டைட்டானிக் கிளம்பியது. கேப்டன் ஸ்மித். பைலட் அதே ஜார்ஜ் போயர்.

துறைமுகத்தில் கட்டிப்போட்டிருந்த நியூயார்க் என்ற கப்பலை டைட்டானிக் கடந்தபோது, இழுவிசை மறுபடியும் வேலையைக் காட்டியது. நியூயார்க்கின் வடங்கள் அறுந்து, அதன் பின்பகுதி டைட்டானிக்கை நோக்கித் திரும்பியது. டைட்டானிக்கின் இயந்திரங்களைப் பின்னோக்கி இயக்கினார்கள். ஒரு இழுவைப் படகு நியூயார்க்கைப் பிடித்து இழுத்தது. கடைசியில் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுமார் 4 அடி. மோதியிருந்தால் டைட்டானிக்கின் பயணம் அன்றே நின்றிருக்கும். சுமார் ஒரு மணி நேரத் தாமதத்தோடு கப்பல் கடலுக்குப் போனது.

பாக்கெட்டுக்குப் போன எச்சரிக்கை

ஏப்ரல் 14 அன்று, வழியில் பனிப்பாறைகள் இருப்பதாகப் பல கப்பல்களிடமிருந்து வயர்லெஸ் எச்சரிக்கைகள் வந்தன. அதில் ஒன்றை அனுப்பியது பால்டிக். ஆமாம், ஸ்மித் ஒருகாலத்தில் ஓட்டிய அதே பால்டிக்.

அந்தச் செய்திக் காகிதத்தை ஸ்மித் மதியவேளையில் ஒருவரிடம் கொடுத்தார். அவர் ப்ரூஸ் இஸ்மே, ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் தலைவர். முதல் பயணத்தில் அவரும் கப்பலில் இருந்தார். இஸ்மே அதைப் படித்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மாலையில்தான் ஸ்மித் அதைத் திரும்பக் கேட்டு வாங்கினார். இந்தக் காகிதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் அதன் எடை ரொம்பப் பெரிது.

வேகம் குறைக்கப்படவில்லை. இரவு 11.40 மணிக்கு மோதல். அதிகாலை 2.20-க்குக் கப்பல் மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். உயிர்காக்கும் படகுகள் 20, அவற்றில் இடம் 1,178 பேருக்கு. இறந்தவர்கள் சுமார் 1,500 பேர். உதவிக்கு வந்த கப்பல் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அலட்சியமா, வழக்கமா?

சட்டப்படி பார்த்தால் இது வழக்கமான கப்பல் மோதல் வழக்கு இல்லை. எதிரே இன்னொரு கப்பல் இல்லை. பனிப்பாறை மேல் யாரும் வழக்குப் போட முடியாது. நஷ்ட ஈடு கேட்க வேண்டுமென்றால் ஒயிட் ஸ்டாரிடம் மட்டும்தான் கேட்க முடியும்.

லண்டனில் மெர்சி பிரபு தலைமையில் விசாரணை நடந்தது. 1912 ஜூலை இறுதியில் அறிக்கை வந்தது. பனிப்பாறைப் பகுதியில் அதிக வேகத்தில் போனதுதான் விபத்துக்குக் காரணம் என்று அது சொன்னது. ஆனால், ஸ்மித் மேல் அலட்சியக் குற்றம் சுமத்தவில்லை. வானம் தெளிவாக இருந்தால் வேகத்தைக் குறைக்காமல், கண்காணிப்பை மட்டும் நம்பிப் போவது அந்தக் கடல்வழியில் பல ஆண்டுகளாக எல்லாக் கேப்டன்களும் செய்துவந்ததுதான், ஸ்மித் செய்தது தவறான முடிவு, அலட்சியம் அல்ல என்பது மெர்சியின் நிலைப்பாடு. இனிமேல் யாராவது அப்படிச் செய்தால் அது அலட்சியமாகவே கருதப்படும் என்றும் எச்சரித்தார்.

விசாரணை ஆணையம் சொன்னது நஷ்ட ஈட்டு வழக்கைக் கட்டுப்படுத்தாது. அடுத்த ஆண்டே அது தெரிந்தது.

அயர்லாந்து விவசாயி ஜெயித்த 100 பவுண்டு

மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து இறந்துபோன இளைஞர் ஒருவரின் அப்பா, அயர்லாந்து விவசாயி தாமஸ் ரயன். அவர் லண்டனில் வழக்குத் தொடுத்தார். இன்னும் சில குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. 

டிக்கெட்டில் அச்சிட்டிருந்த நிபந்தனைப்படி ஊழியர்களின் அலட்சியத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று ஒயிட் ஸ்டார் வாதிட்டது. அந்த நிபந்தனைக்கு வர்த்தகத் துறையின் ஒப்புதல் இல்லை, அதனால் செல்லாது என்றது நீதிமன்றம். 1913 ஜூனில் ஜூரி சொன்ன முடிவு: கண்காணிப்பில் அலட்சியம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால், வேகத்தில் அலட்சியம் இருந்தது. ரயனுக்கு 100 பவுண்டு. 1914-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை ஏற்றது.

ஆக, மெர்சி விடுவித்த ஸ்மித்தை ஜூரி அலட்சியக்காரர் என்றது. ரயன் ஜெயித்ததே அதனால்தான்.

இறந்த ஊழியர்களின் குடும்பங்களுக்கு வேறு வழி இருந்தது. 1906-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி அதிகபட்சம் 300 பவுண்டு வரை கிடைக்கும். கப்பல் மூழ்கும்வரை வாசித்துக்கொண்டிருந்த இசைக்குழுவினரின் குடும்பங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்களை வேலைக்கு அமர்த்தியது ஒரு ஏஜென்சி, கப்பலில் அவர்கள் பயணிகள் கணக்கில்தான் வருவார்கள் என்று சொல்லப்பட்டது.

நியூயார்க்கில் வேறு கணக்கு

பெரிய பணப் போராட்டம் நடந்தது அமெரிக்காவில். அங்கே வந்த கோரிக்கைகளின் மொத்தத் தொகை சுமார் 1.6 கோடி டாலர். கணவரை இழந்த ஐரீன் ஹாரிஸ் 10 லட்சம் டாலர் கேட்டார். கூடவே பொருள் இழப்புகளும்: சார்லட் கார்டெசா தன் பெட்டிகளில் இருந்த உடை, நகைக்கு 1,77,000 டாலருக்கு மேல். ஒரு ஓவியத்துக்கு 1 லட்சம் டாலர். வில்லியம் கார்ட்டரின் ரெனால்ட் காருக்கு 5,000 டாலர்.

1912 அக்டோபரில் ஒயிட் ஸ்டார் தானாகவே நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. கையில் எடுத்தது அமெரிக்காவின் 1851-ம் ஆண்டுச் சட்டம். கப்பல் தொழிலில் முதலீடு செய்பவர்களைக் காக்க வந்த சட்டம் அது. விபத்து உரிமையாளருக்குத் தெரிந்தோ, அவருடைய பங்கோடோ நடக்கவில்லை என்றால், அவர் கட்ட வேண்டிய அதிகபட்சத் தொகை விபத்துக்குப் பிறகு மிஞ்சும் கப்பலின் மதிப்பும், அந்தப் பயணத்தின் கட்டண வருமானமும்தான்.

டைட்டானிக்கில் மிஞ்சியது என்ன? மீட்கப்பட்ட சில உயிர்காக்கும் படகுகள். அவற்றோடு பயணிகள் கட்டிய டிக்கெட் பணத்தையும் சரக்குக் கட்டணத்தையும் சேர்த்தாலும் 1 லட்சம் டாலர்கூட வரவில்லை. 1.6 கோடி கேட்டவர்கள் பங்கு போட்டுக்கொள்ள அவ்வளவுதான்.

அப்போ இன்ஷூரன்ஸ்? கப்பலுக்கு 10 லட்சம் பவுண்டு காப்பீடு இருந்தது. அந்தப் பணம் ஒயிட் ஸ்டாருக்கு வந்தும் சேர்ந்தது. ஆனால், அமெரிக்கச் சட்டப்படி காப்பீட்டுத் தொகை இந்தக் கணக்கில் சேராது.

பிரிட்டிஷ் சட்டத்தில் வரம்பு வேறு மாதிரி. கப்பல் மிஞ்சினாலும் மிஞ்சாவிட்டாலும், உயிரிழப்பு இருந்தால் டன்னுக்கு 15 பவுண்டு. டைட்டானிக் அளவுக் கப்பலுக்கு அது 30 லட்சம் டாலருக்கு மேல் வரும். அதனால்தான் ஒரு விநோதம் நடந்தது: பிரிட்டிஷ் நிறுவனம் அமெரிக்கச் சட்டம் வேண்டும் என்றது, அமெரிக்கக் குடும்பங்கள் பிரிட்டிஷ் சட்டம் வேண்டும் என்றார்கள். 1914 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்தால் வெளிநாட்டுக் கப்பல் உரிமையாளருக்கும் அமெரிக்க வரம்பு பொருந்தும் என்று நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதினார்.

ஒரே கேப்டன், இரண்டு தேவை

இங்கேதான் ஸ்மித்தின் கதை மறுபடியும் உள்ளே வருகிறது. லண்டனில் ரயனுக்கு ஸ்மித் அலட்சியமாக இருந்தார் என்று நிரூபித்தாலே போதும். நியூயார்க்கில் அது மட்டும் போதாது. தவறு முழுக்கக் கேப்டனுடையது என்று நிறுத்திவிட்டால் லாபம் நிறுவனத்துக்குத்தான். கேப்டன் நடுக்கடலில் எடுத்த முடிவு, கரையில் இருக்கும் முதலாளிக்கு எப்படித் தெரியும் என்று சொல்லி வரம்புக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

வரம்பை உடைக்க வேண்டுமென்றால் தவறு கேப்டனைத் தாண்டி, முதலாளி வரை போக வேண்டும். அந்த முதலாளி அன்று கரையில் இல்லை, கப்பலிலேயே இருந்தார். அவர் பாக்கெட்டில் பனிப்பாறை எச்சரிக்கை இருந்தது. வேகம் பற்றி அவருக்குத் தெரியுமா, கேப்டன் மேல் அழுத்தம் இருந்ததா, படகுகள் குறைவு என்பது நிறுவனத்துக்குத் தெரியாதா? கேள்விகள் எல்லாம் அந்தத் திசையில் போனது இதனால்தான்.

ஹாக் வழக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே தவறு பைலட் மேல் விழுந்ததும் நிறுவனம் தப்பித்தது. இங்கே தவறு கேப்டனோடு நின்றால் நிறுவனம் கட்டுவது சில்லறை. பழி எவ்வளவு கீழே நிற்கிறதோ, மேலே இருப்பவர் கட்டும் பணம் அவ்வளவு குறைகிறது.

1915-ல் நியூயார்க்கில் விசாரணை தொடங்கியது. வழக்கு முழுதாக முடிந்து ஒரு தீர்ப்பு வருவதற்குள் இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். 1916-ல் 6,64,000 டாலருக்குச் சமரசம் ஆனது. சட்ட வரம்பைவிட ஆறு மடங்குக்கும் மேல். ஆனால், குடும்பங்கள் கேட்டதில் அது சுமார் 4 சதவீதம்.

சிலையும் சட்டமும்

1914 ஜூலை 29-ல் ஸ்மித்துக்கு ஒரு வெண்கலச் சிலை வைக்கப்பட்டது. பிறந்த ஊர் ஹான்லியில் இல்லை, அதே மாவட்டத்தின் லிச்ஃபீல்டு பூங்காவில். செதுக்கியவர் கேத்லீன் ஸ்காட், தென் துருவப் பயணத்தில் இறந்த கேப்டன் ஸ்காட்டின் மனைவி. திறந்துவைத்தது 16 வயது மகள் ஹெலன். டைட்டானிக் என்ற பெயர் அந்தப் பீடத்தில் அப்போது பொறிக்கப்படவில்லை.

கடல் பாதுகாப்பு விதிகள் வேகமாக மாறின. 1914 ஜனவரியிலேயே சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லோருக்கும் படகில் இடம், வயர்லெஸ் கண்காணிப்பு, பனிப்பாறை ரோந்து எல்லாம் வந்தன. பணம் பற்றிய விதி மெதுவாகத்தான் நகர்ந்தது. 1934-ல் மோரோ காசில் கப்பல் தீவிபத்தில் பலர் இறந்த பிறகே, உயிரிழப்பு வழக்குகளுக்கு டன் கணக்கில் ஒரு குறைந்தபட்ச நிதியை அமெரிக்கா சேர்த்தது. மற்ற பல நாடுகள் இன்று 1976-ம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தப்படி, கப்பலின் டன் அளவை வைத்து வரம்பு வைக்கின்றன. அதில் அமெரிக்கா இல்லை.

1851-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2024 மார்ச் 26-ல் பால்டிமோர் துறைமுகத்தில் டாலி என்ற சரக்குக் கப்பல் பாலத்தில் மோதி, பாலம் இடிந்து, அதன்மேல் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலின் மாலுமிகள் பெரும்பாலும் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். ஒரு வாரத்துக்குள் உரிமையாளரும் நிர்வாக நிறுவனமும் நீதிமன்றத்துக்குப் போய், தங்கள் பொறுப்பைச் சுமார் 4.4 கோடி டாலரோடு நிறுத்தும்படி கேட்டார்கள். இடிபாடுகளை அகற்றிய செலவு உள்ளிட்டவற்றுக்காக அமெரிக்க அரசோடு மட்டும் அதே ஆண்டு அக்டோபரில் சுமார் 10.2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள்.

அடுத்த முறை கப்பல் விபத்துச் செய்தி வரும்போது, கேப்டன் என்ன தவறு செய்தார் என்ற கேள்விதான் முதலில் வரும். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: அந்தத் தவறு உரிமையாளருக்குத் தெரியுமா? பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கும்.